மாண்டிசோரி அம்மையார் கொடைக்கானலில் இருந்த நாட்களும் நம் வீட்டு மே மாதமும்

இது நீண்ட பதிவு. மத்தியான வெயில் தாழும்வரை நேரம் இருப்பவர்கள் நிதானமாகப் படியுங்கள். வீட்டில் 3 வயது முதல் 10 வயது வரை பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் படியுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் தையல் வேலை பார்க்கும் தங்கை ஒருத்தி என்னிடம் கேட்டாள். “டீச்சர், லீவு விட்டாச்சு. மூணாவது முடிச்ச பையனும் யூகேஜி முடிச்ச பொண்ணும் நாள் பூரா போனும் கையுமா கிடக்குதுங்க. டவுன்ல சம்மர் கேம்ப் போட்டிருக்காங்க. மாண்டிசோரி முறையாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஆறாயிரம் சொல்றாங்க. நம்மால முடியாது. அதுக்குப் போகலைன்னா பிள்ளைங்க பின்தங்கிருமா?”

“பின்தங்காது தாயி, சாயங்காலம் வீட்டுக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அவளைப் போலவே மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் நிறையப் பேர். அந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரமே பதிலாக இருக்கிறது. பாதிச் சரித்திரம் இத்தாலியில் நடந்தது. மீதி நம் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் நடந்தது. நான் 30 வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தது இந்த மலையடிவாரத்து ஒன்றியப் பள்ளிகளில்தான். மே மாதம் பிறந்தால் வத்தலக்குண்டு வழியாக வண்டி வண்டியாக ஜனங்கள் மலையேறுகிறார்கள். ஏரியில் படகு, குதிரைச் சவாரி, வீட்டுச் சாக்லேட் எல்லாம் பார்த்துவிட்டு வருகிறார்கள். இந்த விஷயத்தை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்கு மாண்டிசோரி என்றால் ஒரு மதிப்பெண் கேள்வி. ‘குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கியவர் யார்?’ அதற்கு விடை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். அந்த இல்லம் எங்கே, யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதுதான் முக்கியமான விஷயம்.

மரியா மாண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31-ல் இத்தாலியில் பிறந்தார். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் படிப்பதே அபூர்வமாக இருந்த காலம் அது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளோடு வேலை செய்தபோது, அவர்களுக்கு மருந்தைவிடக் கைக்கு வேலைதான் அதிகம் தேவை என்று கண்டார்.

1907 ஜனவரி 6. ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதி. கூலித் தொழிலாளிகள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். ஒரு கட்டட நிறுவனம் அங்கே அடுக்குக் குடியிருப்புகளைச் செப்பனிட்டுக் குடும்பங்களைக் குடிவைத்தது. அப்பா அம்மா இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். பள்ளி வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடி, சுவர்களில் கிறுக்கி, கட்டடத்தைப் பாழாக்கின. அவர்களைப் பகலில் ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அந்தப் பொறுப்பு மாண்டிசோரி அம்மையாரிடம் வந்தது. சுமார் 50 பிள்ளைகள். அதுதான் முதல் ‘குழந்தைகள் இல்லம்’.

கவனியுங்கள். பணக்காரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளி அல்ல அது. வேலைக்குப் போகும் பெற்றோர் வீட்டில் விட்டுவிட்டுப் போன பிள்ளைகளுக்கானது. நம் தையல்காரத் தங்கையின் பிரச்சினை எதுவோ, அதே பிரச்சினையில்தான் இந்த முறை பிறந்தது.

அங்கே அம்மையார் கண்டவற்றில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றும் அவரே எழுதி வைத்தவை.

முதலாவது, சுமார் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒன்று, மரக்கட்டையில் இருந்த குழிகளில் அளவுக்கு ஏற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தது. முடித்ததும் கலைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தது. அம்மையார் மற்றப் பிள்ளைகளைச் சுற்றிப் பாடச் சொன்னார். குழந்தை நிமிரவில்லை. உட்கார்ந்திருந்த நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். கட்டையை மடியில் இடுக்கிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தது. எண்ணிக்கொண்டே வந்தார், 42 தடவை. பிறகு தூங்கி எழுந்த மாதிரி முகம் மலர்ந்து, தானாகவே நிறுத்திக்கொண்டது. ‘சின்னப் பிள்ளைக்குக் கவனம் நிற்காது’ என்று நாம் சொல்கிறோம். தனக்குத் தேவையான வேலை கிடைத்தால் நிற்கும்.

இரண்டாவது, பொருட்களையெல்லாம் உயரமான அலமாரியில் பூட்டி வைத்து, ஆசிரியை எடுத்துக் கொடுப்பது வழக்கம். ஒருநாள் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் தாமதமாகவும் வந்தார். பிள்ளைகள் திறந்து, ஆளுக்கு வேண்டியதை எடுத்துப் போய் வேலை செய்துகொண்டிருந்தன. ஆசிரியைக்கு அது திருட்டாகப் பட்டது. அம்மையாருக்கோ, தனக்கு எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்கப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது என்று பட்டது. அதன்பிறகு குழந்தையின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகள் வந்தன.

மூன்றாவது, ஒருநாள் மூக்குச் சிந்துவது எப்படி என்று சத்தமில்லாமல் கைக்குட்டையால் செய்து காட்டினார். பிள்ளைகள் கைதட்டிவிட்டன! ஏன் என்று யோசித்துப் பார்த்தார். மூக்கு ஒழுகுகிறது என்று எல்லோரும் திட்டியிருக்கிறார்களே தவிர, யாரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததில்லை.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். இதில் நமக்குப் பழைய சம்பந்தம் உண்டு. அம்மையார் உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் அந்தச் சொரசொரப்பை விரலால் தடவிப் பழகின. ஒரு டிசம்பர் நாள், மொட்டைமாடியில் வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது ஒரு சிறுவனிடம் சுண்ணாம்புக் கட்டியைக் கொடுத்துப் புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். பிறகு அவனே தரையில் ஒரு சொல்லை எழுதினான், அடுத்து இன்னொன்று. எழுதத் தெரியும் என்று அவனுக்கே அன்றுதான் தெரிந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத ஆரம்பித்துவிட்டார்கள்.

விரலால் எழுத்தை உணர்வது நமக்குப் புதிதா? நம் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில்தான் விரலால் எழுதினார்கள். பிறகுதான் ஓலை, எழுத்தாணி. 1789-ல் மதராஸ் எழும்பூரில் இராணுவத்தினரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளிக்கும் கொண்டுபோனார். தெரிந்த பிள்ளை தெரியாத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதையும் சேர்த்து, 1797-ல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. மாண்டிசோரி அம்மையார் நம்மிடமிருந்து எடுத்தார் என்று நான் சொல்ல வரவில்லை. அவர் மருத்துவத்தின் வழியாக வந்து சேர்ந்த இடத்தில், நம் திண்ணை வாத்தியார்கள் மணலைப் பரப்பி வைத்திருந்தார்கள். அவ்வளவுதான்.

அம்மையாரின் புகழ் உலகம் பூராவும் பரவியது. கூடவே ஒரு கவலையும் வந்தது. 1931 அக்டோபரில் காந்தியடிகள் லண்டனில் மாண்டிசோரி பயிற்சிக் கல்லூரியில் பேசினார். இந்தக் கல்வி வசதி படைத்தவர்களின் பிள்ளைகளோடு நின்றுவிடாமல் பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்ற நம்பிக்கையைச் சொன்னார். சான் லொரென்சோவில் ஏழைக்காகப் பிறந்த முறை அதற்குள்ளாகவே விலை உயர்ந்த சாமான்களின் முறையாகப் பெயர் வாங்கத் தொடங்கியிருந்தது. இன்று ‘மாண்டிசோரி’ என்று பலகை வைத்திருக்கும் இடங்களின் கட்டணத்தைப் பார்த்தால் அந்தக் கவலை இன்னும் தீரவில்லை என்று தெரியும்.

1934-ல் முசோலினியின் ஆட்சியோடு ஒத்துப்போகாமல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். ஸ்பெயினுக்குப் போனார். 1936-ல் அங்கே உள்நாட்டுப் போர் வந்தது. நெதர்லாந்துக்குப் போனார். அங்கிருந்துதான் 1939 நவம்பரில், 69-ஆம் வயதில், மகன் மாரியோவோடு மதராஸ் வந்து சேர்ந்தார். அழைத்தவர்கள் அடையாறு பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் மனைவி ருக்மிணி தேவியும். கலாக்ஷேத்ராவை உருவாக்கிய அதே ருக்மிணி தேவிதான்.

பயிற்சிக்கு இந்தியா முழுவதிலுமிருந்து சுமார் 300 பேர் வந்தார்கள். தங்குவதற்கு ஓலைக் குடிசைகள் போட்டார்கள். அம்மையார் இத்தாலிய மொழியில் பேசுவார், மாரியோ ஆங்கிலத்தில் சொல்லுவார். சில மாதங்கள் இருந்துவிட்டுத் திரும்புவதாகத்தான் ஏற்பாடு.

1940 ஜூன் 10-ல் இத்தாலி போரில் குதித்தது. ஒரே நாளில் இருவரும் ‘எதிரி நாட்டவர்’ ஆகிவிட்டார்கள். மாரியோவை அகமத்நகர் முகாமில் அடைத்தார்கள். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று உத்தரவு. அந்த மகனுக்கும் ஒரு கதை உண்டு. பிறந்ததும் கூட வைத்து வளர்க்க முடியாத சூழ்நிலையில், கிராமத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்த பிள்ளை அவர். வளர்ந்த பிறகுதான் தாயிடம் வந்து சேர்ந்தார். இப்போது மறுபடியும் பிரிவு. அந்த ஆகஸ்ட் 31, அம்மையாரின் 70-ஆவது பிறந்தநாள். பிறந்தநாள் பரிசாக மகனைத் திருப்பி அனுப்புவதாக வைஸ்ராயிடமிருந்து தகவல் வந்தது. ஊர் ஊராகப் போய் உலகத்துப் பிள்ளைகளுக்காகப் பேசிய தாய்க்குக் கிடைத்த பரிசு அது.

மாரியோ வந்தாலும் நாட்டை விட்டுப் போக முடியாது. 1942-ல் இருவரும் கொடைக்கானல் வந்தார்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று மதராஸ் நகரமே பாதி காலியான வருஷம் அது. 1944 வரை நம் மலையில் இருந்தார்கள். அங்கே ஒரு சிறு பள்ளி உருவானது. அடையாற்றில் பயிற்சி பெற்ற இலங்கைப் பெண் லீனா விக்கிரமரத்ன உதவியாக இருந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள், போரால் அங்கே தங்கிவிட்ட வெளிநாட்டார் பிள்ளைகள், சிறியவர் பெரியவர் எல்லாம் ஒன்றாகப் படித்தார்கள்.

அதுவரை அம்மையாரின் வேலை அதிகமும் சின்னக் குழந்தைகளோடு. கொடைக்கானலில் 6 வயதைத் தாண்டிய பிள்ளைகளின் கேள்விகளை எடுத்துக்கொண்டார். அதற்குக் காடும் மலையும் ஒத்தாசை செய்தன. செடி, கொடி, பூச்சி, பறவை, மண், நீர் இவற்றைத் தனித்தனிப் பாடமாக வைக்காமல், ஒன்று இன்னொன்றைத் தாங்குவதைப் பிள்ளைகளே பார்க்கும்படி அமைத்தார். தாவரவியலும் விலங்கியலும் புவியியலும் ஒரே கதையாகச் சேர்ந்தன. அதைத்தான் இன்று ‘பிரபஞ்சக் கல்வி’ என்று உலகம் முழுவதும் மாண்டிசோரி பள்ளிகளில் நடத்துகிறார்கள். அந்தக் கல்வி முதிர்ந்த இடங்களில் நம் திண்டுக்கல் மாவட்டத்து மலையும் ஒன்று.

1946-ல் ஐரோப்பா திரும்பினார். மறுபடியும் இந்தியா வந்தார். எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் இங்கே அவரிடம் பயிற்சி பெற்றார்கள். பிறந்த குழந்தை சுற்றியிருப்பதைப் பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல உறிஞ்சிக்கொள்கிறது என்று விளக்கும் அவருடைய பெரிய நூல், 1949-ல் அடையாற்றில்தான் அச்சாகி வெளிவந்தது. போகிற இடமெல்லாம் குழந்தையை இடுப்பில் சுமந்துகொண்டு போகும் தாய்மார்களை அவர் உயர்வாகச் சொன்னார். சந்தையும் பேச்சும் வேலையும் குழந்தையின் கண்ணெதிரே நடப்பதே ஒரு கல்வி என்றார். 1952 மே 6-ல் நெதர்லாந்தில் மறைந்தார்.

என்னைப் போன்ற அரசுப் பள்ளி ஆசிரியர்களிடம் இந்தச் சிந்தனையின் ஒரு கீற்று வேறு பாதையில் வந்து சேர்ந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007-08 வாக்கில் எங்கள் கிராமத்துப் பள்ளிகளுக்கும் வந்தது. பாய் விரித்துத் தரையில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் தாங்களே அட்டையை எடுத்தார்கள். சுவரின் அடியில் பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வந்தது. அதன் குறை நிறைகளைப் பற்றி ஆசிரியர்களுக்குள் இன்றும் வாக்குவாதம் உண்டு. ஆனால் அந்தத் தாழ்வான கரும்பலகையில் தன் இடத்தில் தன் பெயரை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள்.

சரி, அன்று சாயங்காலம் தையல்காரத் தங்கையின் வீட்டுக்குப் போனேன். மாண்டிசோரி பள்ளிகளில் விலை கொடுத்து வாங்கி வைக்கும் சாமான்கள் பாதி அவள் வீட்டில் ஏற்கெனவே கிடந்தன. பட்டன், கொக்கி, நாடா கட்டிப் பழகும் சட்டங்கள் அங்கே உண்டு. இவளிடம் கிழிந்த ரவிக்கையும் சட்டையும் இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்து ஜோடி சேர்க்கத் துணிப்பெட்டி உண்டு. இவளிடம் மூட்டை மூட்டையாகத் துண்டுகள். பருத்தி, பட்டு, வெல்வெட், டெரிகாட்டன். ஒரே நிறத்தை வெளிறியதிலிருந்து அடர்ந்ததுவரை அடுக்கும் பலகைகள் உண்டு. இவளிடம் நூல்கண்டுகள் இருக்கின்றன. ஊசியையும் கத்தரியையும் மட்டும் எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன்.

அவளுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

1. ஒரு தாழ்வான இடம். அலமாரியின் கீழ்த்தட்டு போதும், கவிழ்த்த மரப்பெட்டியும் போதும். அதில் ஐந்தாறு வேலைகள் மட்டும், ஒவ்வொன்றும் ஒரு தட்டில். எடுப்பதும் திரும்ப அதே இடத்தில் வைப்பதும் பிள்ளையின் பொறுப்பு. வாரம் ஒருமுறை இரண்டை மாற்றுங்கள். எல்லாவற்றையும் கொட்டி வைத்தால் எதிலும் மனம் நிற்காது.

2. வீட்டு வேலை. 3 வயதுப் பிள்ளை செம்பிலிருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஊற்றலாம், கைக்குட்டை மடிக்கலாம். 5 வயதுப் பிள்ளை துவரை, உளுந்து, மொச்சை கலந்ததைப் பிரிக்கலாம். வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும் வயதுக்கு இது வேண்டாம். 8 வயதுப் பிள்ளை மளிகைச் சீட்டு எழுதி, கடைக்குப் போய் வந்து, மீதிச் சில்லறைக் கணக்கு ஒப்படைக்கலாம். முதலில் நீங்கள் மெதுவாக, அதிகம் பேசாமல் செய்து காட்டுங்கள். தண்ணீர் சிந்தினால் துடைக்கத் துணியையும் பக்கத்திலேயே வையுங்கள்.

3. காதுக்கு வேலை. ஒரே மாதிரி சின்ன டப்பாக்கள் எட்டு. இரண்டில் அரிசி, இரண்டில் கொண்டைக்கடலை, இரண்டில் மணல், இரண்டில் புளியங்கொட்டை. இறுக மூடிவிட்டு, குலுக்கிப் பார்த்து ஜோடி சேர்க்கச் சொல்லுங்கள்.

4. இலை. இதுதான் கொடைக்கானல் பாடம். காலையில் வெயில் ஏறுமுன் அரை மணி நேரம் தெருவில் நடங்கள். பூவரசு இலை இதயம் போல இருக்கும். அரச இலைக்கு வால் உண்டு. ஆமணக்கு விரித்த கை மாதிரி. வேம்பு கூட்டிலை. வாழையில் நரம்புகள் இணையாக ஓடும், மாவிலையில் வலை போலப் பின்னியிருக்கும். பழைய நோட்டில் வைத்து அழுத்திக் காய வைத்து, பெயர், இடம், தேதி எழுதி ஒட்டச் சொல்லுங்கள். விடுமுறை முடிவதற்குள் 30 இலைகள் சேர்ந்துவிடும்.

பெயர் சொல்லிக் கொடுப்பதற்கு செகென் என்ற பிரெஞ்சு மருத்துவரிடமிருந்து அம்மையார் எடுத்துக்கொண்ட மூன்று படி முறை உண்டு. முதலில் ‘இது பூவரசு, இது அரசு’ என்று காட்டுங்கள். அடுத்து ‘அரசு எது, எடு பார்க்கலாம்’. கடைசியாகத்தான் ‘இது என்ன?’ இரண்டாவது படியில் மாற்றி எடுத்தால் ‘தப்பு’ என்று சொல்லாதீர்கள். சிரித்துவிட்டு எடுத்து வையுங்கள், நாளைக்கு மறுபடி முதல் படி. நம்மில் பலர் நேரே மூன்றாவது படியில் ஏறி நின்று பிள்ளையை மிரட்டுகிறோம்.

5. நிழல். வாசலில் ஒரு குச்சியை நேராக நட்டு, மணிக்கு ஒருமுறை நிழலின் நுனியில் கல் வையுங்கள். மே மாதம் தமிழ்நாடு முழுவதும் சூரியன் நண்பகலில் நம் உச்சிக்கு வடக்கே இருக்கும். அதனால் உச்சி நேரத்துச் சின்ன நிழல் தெற்கே விழும். டிசம்பர் விடுமுறையில் அதே இடத்தில் பார்த்தால் வடக்கே நீளமாக விழும். ஏன் என்று பிள்ளை கேட்கும். உடனே சொல்லாதீர்கள். டார்ச் விளக்கையும் ஒரு உருளைக்கிழங்கையும் கொடுத்துப் பாருங்கள்.

6. மத்தியானத்துக்குப் பல்லாங்குழி. 14 குழி, குழிக்கு ஐந்து முத்து என்றால் மொத்தம் எவ்வளவு என்று ஆட்டம் தொடங்கும்போதே கணக்கு தொடங்கிவிடும். பெரிய பிள்ளைகளுக்கு 3 புலி, 15 ஆடு வைத்து ஆடுபுலி ஆட்டம். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையே எதிராளியாக உட்கார வையுங்கள்.

7. சின்னப் பிள்ளைக்குத் தாம்பாளத்தில் மணல் பரப்பி எழுத்து. பெரிய பிள்ளை சின்னதற்குச் சொல்லிக் கொடுக்கட்டும். அதுதான் மதராஸ் முறை!

இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய வேண்டாம். காலையில் இரண்டு, மத்தியானம் ஒன்று போதும். உங்கள் நேரம் தினம் கால் மணி. முந்தின இரவு தட்டுகளைத் தயார் செய்து வைக்க ஐந்து நிமிஷம், காலையில் செய்து காட்டப் பத்து நிமிஷம். அதன்பிறகு தள்ளி இருங்கள். நம்மால் முடியாதது இதுதான். ‘அப்படியில்ல, இப்படி’ என்று கை பரபரக்கும். அந்த 42 தடவையில் பத்தாவது தடவையே நாம் போய் ‘போதும், சாப்பிட வா’ என்று கூப்பிட்டிருப்போம்.

பாராட்டும் அளவோடு இருக்கட்டும். தயவுசெய்து செல்போனில் படம் எடுத்துப் போடுவதற்காகப் பிள்ளையை வேலை செய்ய வைக்காதீர்கள். செல்போனை ஒரேயடியாகப் பிடுங்கவும் வேண்டாம். காலை நேரம் கைக்கு வேலை கிடைத்தாலே அதன் இழுப்பு குறையும். குறையாவிட்டால் பெரியவர்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பணம் கட்டிச் சேர்க்க வசதி உள்ளவர்கள் சேருங்கள், நல்ல முகாம்களும் இருக்கின்றன. முடியாதவர்கள் தலைகுனிய வேண்டாம். கூலித் தொழிலாளி பிள்ளைகளிடம் கற்றுக்கொண்டு, ஓலைக் குடிசைகளுக்கு நடுவே பாடம் நடத்தி, போர்க்காலக் கட்டுக்காவலில் நம் மலையில் தங்கி வளர்த்த கல்வி இது. அதை நம் வீட்டுத் திண்ணையில் நடத்த யாரிடமும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியதில்லை.

தையல்காரத் தங்கையின் மகள் இப்போது துணித் துண்டுகளை நிறம் பிரித்து ஏழு பைகளில் போட்டு வைத்திருக்கிறாளாம். அண்ணன்காரன் இலை நோட்டில் 11-ஐத் தாண்டிவிட்டான். மருதாணி இலையைக் காட்டி “டீச்சர், இது கூட்டிலையா, தனி இலையா?” என்று கேட்டு வந்தான். கணு எங்கே இருக்கிறது, மொட்டு எங்கே முளைக்கிறது என்று பார்த்துவிட்டு வா என்று அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் ஊர் இலைகளின் பெயர்களையும், சின்ன வயதில் நீங்கள் விடுமுறையில் ஆடிய ஆட்டங்களையும் கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுகிறேன். வெயில் கடுமை, மோரும் தண்ணீரும் நிறையக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்